திட்ட வண்டி வராத நாளுக்குப் பிறகு என்ன நடக்கிறது?

அதியமான்கோட்டை ஆய்வு மாணவி:

அனைவருக்கும் வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நடந்த செயல்முறை ஆய்வுத் திட்டங்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். ஆய்வுக்கூடத்திலோ வேறொரு நாட்டிலோ சரி என்று தெரிந்த ஒன்றை நம் பக்கத்து வயலிலும் வகுப்பறையிலும் பிரசவ அறையிலும் குழாயடியிலும் செய்துபார்த்த திட்டங்கள்தாம் என் ஆய்வுப்பொருள். துறை எதுவானாலும், நான் படித்த நிறைவறிக்கைகள் யாவும் திட்டம் முடிந்த தேதியோடு முடிந்துவிடுகின்றன. அன்றைய விளைச்சல் இருக்கிறது, அன்றைய மதிப்பெண் இருக்கிறது, எத்தனை கருவிகள் வழங்கப்பட்டன என்ற கணக்கு இருக்கிறது. அடுத்த ஆண்டு அதே வீட்டுக்குப் போய்ப் பார்த்தவர் எவரும் இல்லை.

சென்ற மாதம் பென்னாகரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில், பல ஆண்டுகளுக்கு முன் ஃபுளோரைடு வடிகட்டி பெற்ற ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு எவர்சில்வர் பாத்திரங்கள் அடுப்படி மூலையில் பளபளவென்று நின்றன. மேல் பாத்திரத்தில் கேழ்வரகு, கீழ்ப் பாத்திரத்தில் புளி. குழாய் இருந்த துளையைத் துணி சுருட்டி அடைத்திருந்தார்கள். "எலி ஏறாது கண்ணு, நல்ல சாமான்" என்றார் அந்த வீட்டுப் பாட்டி. பக்கத்தில் நின்ற பேத்தியின் முன்பற்களில் பழுப்புக் கோடுகள் தெரிந்தன. அறிக்கையில் அந்த வீடு பயனாளிகளுள் ஒன்றாக எண்ணப்பட்டிருக்கும். அது பொய்யும் அன்று என்பதே என் சிக்கல்.

உங்கள் துறையில் ஒரு திட்டம் முடிந்தபின் எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை, ஏன் என்பதை எழுதினால் எனக்கு உதவியாக இருக்கும். துறைகளை இப்படி ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கலாமா என்பதில் என் நெறியாளருக்கு ஐயம் உண்டு. எனக்கும் முழுத் துணிவு இல்லை.

பென்னாகரம் குடிநீர்ப் பொறியாளர்:

அந்தப் பாட்டியை நான் குறை சொல்லமாட்டேன். நம் பகுதியின் கடும்பாறைகளிலிருந்து நிலத்தடி நீருக்கு ஃபுளோரைடு கரைந்து வருகிறது. இந்தியத் தரநிலைப்படி ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு நீராதாரமே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். நீங்கள் பார்த்தது போன்ற இரண்டடுக்கு வடிகட்டிகளில் பொதுவாகச் செயலூட்டிய அலுமினாக் குருணை இருக்கும். அது குறிப்பிட்ட அளவு நீரை வடித்தபின் ஃபுளோரைடைப் பிடித்துக்கொள்ளும் ஆற்றலை இழந்துவிடும். அப்போது காரக் கரைசலில் கழுவி, அமிலத்தில் அலசி, மீண்டும் நிரப்ப வேண்டும். இதற்கும் முன்னால் 1970களில் நாகபுரியின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய நல்கொண்டா முறை இருக்கிறது. படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுக் கலக்கி, தெளியவைத்து, மேல்நீரை இறுத்துக்கொள்ள வேண்டும். படிகாரத்தின் அளவோ அந்தக் கிணற்றின் ஃபுளோரைடையும் காரத்தன்மையையும் பொறுத்து மாறும். அடியில் தங்கும் கசடை என்ன செய்வது என்பது தனிக் கேள்வி. இரண்டு முறைகளும் வேதியியலில் பழுதற்றவை. ஆனால், ஒரு வீட்டுப் பெண்மணி ஆண்டுக்கு 365 நாளும் ஒரு சிறு ஆய்வுக்கூடம் நடத்த வேண்டும் என்று அவை எதிர்பார்த்தன.

இதைவிட முக்கியமானதாக நான் கருதுவது வேறொன்று. ஃபுளோரைடுக்குச் சுவை இல்லை, நிறம் இல்லை, வாடை இல்லை. வடிகட்டி உவர்ப்பை நீக்குவதாக இருந்திருந்தால் அது வேலை செய்யாமல் போன அன்றைக்கே நாக்கு சொல்லியிருக்கும். இங்கே வடிகட்டி வேலை செய்த நாளுக்கும் செய்யாத நாளுக்கும் குடிப்பவருக்கு எந்த வேறுபாடும் தெரியாது. பல்லிலும் எலும்பிலும் தெரிவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். பலன் கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலையை, மேற்பார்க்க ஆள் இல்லாமல், தினமும் செய்யச் சொன்னால் நானும் செய்யமாட்டேன். என் வீட்டு நீர்ச் சுத்திகரிப்பானின் வடிகட்டியை மாற்றி எத்தனை மாதம் ஆயிற்று என்று என் மனைவியைக் கேட்டால் தெரியும்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரைடு பாதிப்புத் தணிப்புத் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு 1,928.80 கோடி ரூபாய் மதிப்பீட்டில் வகுக்கப்பட்டு 2013இல் பயன்பாட்டுக்கு வந்தபோது, அந்த அன்றாட வேலை வீட்டிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. காவிரி நீரில் நீக்கவேண்டிய ஃபுளோரைடு இல்லை. ஆனாலும் கதை அங்கே முடியவில்லை. ஆற்றுநீர் குறைவாக வரும் நாளில் மேல்நிலைத் தொட்டியை நிரப்புவதற்காகப் போர்வெல் நீரையும் சேர்த்து ஏற்றிவிடும் ஓர் ஊரை நானே பார்த்திருக்கிறேன். தொட்டி இயக்குபவரை ஏசிப் பயனில்லை. தொட்டி நிரம்பாவிட்டால் காலையிலேயே குடத்தோடு நாற்பது பேர் அவர் வீட்டு வாசலில் நிற்பார்கள். ஃபுளோரைடு கலந்துவிட்டது என்று கேட்க ஒருவரும் வரமாட்டார்கள்.

பாலக்கோடு விவசாயி:

பொறியாளர் ஐயா எழுதியதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொடர்கிறேன். பலன் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது என்பதே என் அனுபவம்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2004-05 முதல் மூன்று ஆண்டுகள், நம் இரண்டு மாவட்டங்களிலும் 400 ஹெக்டேரில் துல்லியப் பண்ணையத் திட்டத்தை நடத்தியது. முதலாண்டு 100 ஹெக்டேருக்கு முழு மானியம், இரண்டாம் ஆண்டு 200 ஹெக்டேருக்கு 90 விழுக்காடு, மூன்றாம் ஆண்டு 100 ஹெக்டேருக்கு 80 விழுக்காடு. எங்கள் நிலம் இரண்டாம் ஆண்டில் சேர்ந்தது. உளிக்கலப்பையால் அடிமண்ணை உடைத்தார்கள். நாற்றைப் பாத்தியில் விடாமல் நிழல்வலைக் குடிலில் குழித்தட்டில் வளர்த்தார்கள். சொட்டுநீர்க் குழாய் வழியாகவே நீரில் கரையும் உரத்தைக் கொடுத்தார்கள். தக்காளிக் காய் ஒரே சீராகத் திரண்டதை ராயக்கோட்டை மண்டிக்காரர்களே கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிந்தையது. திட்டம் முடிந்த அடுத்த கோடையில் எங்கள் சொட்டுநீர் வடிகட்டியின் மூடி விரிசல் விட்டு, மோட்டார் போட்டதும் தண்ணீர் பீச்சியடித்தது. வாரந்தோறும் வந்துகொண்டிருந்த வண்டி வரவில்லை. அப்பா நான்கைந்து நாள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. சைக்கிள் டியூபைக் கிழித்துக் கட்டிப்பார்த்தார், நிற்கவில்லை. பிறகு ஒரு கிடாவை விற்று, ஓசூர் வரை பேருந்தில் போய்ப் புது மூடி வாங்கிவந்தார். அதுவரை எங்கள் வீட்டில் அதை "யுனிவர்சிட்டி டிரிப்பு" என்றுதான் சொல்வோம். அதற்குப் பிறகு அப்படிச் சொன்ன நினைவு எனக்கு இல்லை.

அம்மா, உங்கள் ஆய்வில் ஒரேயொரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: திட்டத்தார் போனபின் வந்த முதல் பழுதுக்கு யார் காசு கொடுத்தார்?

எங்கள் ஊரில் நிலைத்தவற்றையும் நிலைக்காதவற்றையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். குழித்தட்டு நாற்று நிலைத்துவிட்டது. இன்று பாத்தி நாற்று விடுபவரைத் தேடிப்பிடிக்க வேண்டும், ஏனென்றால் நாற்றை வாங்கி நடுவது வேலையைக் குறைக்கிறது. சொட்டுநீர் நிலைத்துவிட்டது, ஏனென்றால் போர்வெல் ஆழம் போய்விட்டது, வேறு வழி இல்லை. ஆனால் பயிரின் வயதுக்கேற்ப மூன்று நாளுக்கொரு முறை இன்ன உரம் இவ்வளவு என்று எழுதிக் கொடுத்த அட்டவணை நிலைக்கவில்லை. கரையும் உரத்தின் விலை ஒரு காரணம். காலை எத்தனை மணிக்கு மும்முனை மின்சாரம் வரும் என்று தெரியாதபோது அட்டவணை எதற்கு என்பது இன்னொரு காரணம். எல்லோரும் இன்று கைக்கணக்கில்தான் உரம் விடுகிறோம், நான் உட்பட.

புள்ளியியல் பேராசிரியர், கிருஷ்ணகிரி:

விவசாய நண்பரின் பதிவு நெஞ்சைத் தொடுகிறது. ஆனால் அதை வைத்து ஆய்வுமுடிவு எழுத முடியாது. செயல்விளக்க வயல்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொதுவாகவே எண்ணிப்பாருங்கள். தண்ணீர் இருக்க வேண்டும், தார்ச்சாலையை ஒட்டியிருக்க வேண்டும், உழவர் சொன்னதைக் கேட்பவராக இருக்க வேண்டும், பார்வையாளர்களை அழைத்துவந்தால் நிற்க நிழல் இருக்க வேண்டும். இத்தனையும் உள்ளவர் அந்தத் தொழில்நுட்பம் இல்லாமலும் அண்டை வயல்காரரைவிட நன்றாகவே விளைவித்திருப்பார். முழு மானியம் கொடுத்தபின் கிடைக்கும் ஏற்பு விகிதம், இலவசமாகக் கிடைத்ததை மக்கள் வாங்கிக்கொண்டார்கள் என்பதை மட்டுமே நிறுவுகிறது.

முதல் பழுது என்ற அளவுகோலும் அப்படித்தான். விற்பதற்குக் கிடா இல்லாத வீட்டில் அதே மூடி உடைந்திருந்தால், தொழில்நுட்பம் தோற்றது என்று எழுதிவிடுவீர்களா?

பாலக்கோடு விவசாயி:

எழுதக்கூடாது என்றுதான் நானும் சொல்கிறேன், ஐயா. கிடா இல்லாத வீட்டில் அது ஏன் தோற்றது என்பதை எழுத வேண்டும். மானியத்தைப் பற்றி ஒன்று: தக்காளி கிலோ இரண்டு ரூபாய்க்கு விழுந்து, பறிகூலிகூடக் கட்டாமல் செடியோடு மாட்டை விட்ட ஆண்டை நாங்கள் அப்போதுதான் கடந்து வந்திருந்தோம். அந்த நிலையில் ஏக்கருக்குப் பல்லாயிரம் ரூபாய் போட்டுக் குழாய் பதிக்க ஒருவரும் துணியமாட்டார். முதலாண்டு முழு மானியம் எங்கள் அச்சத்துக்குக் கொடுத்த விலை. அடுத்த ஆண்டு 90, அதற்கடுத்து 80 என்று இறக்கியதைத்தான் நான் கெட்டிக்காரத்தனம் என்பேன். 80 விழுக்காட்டில் சேர்ந்தவர்கள் முன்னிரண்டு ஆண்டும் வரப்பில் நின்று பார்த்தவர்கள்.

அரூர் ஓய்வுபெற்ற செவிலியர்:

நான் 31 ஆண்டுகள் பிரசவ அறைகளில் பணிபுரிந்தவள். பேராசிரியர் கேட்கும் வகையான சான்று எங்கள் துறையில் இருக்கிறது. அது சொல்வது ஆறுதலான செய்தி அன்று.

உலக நலவாழ்வு நிறுவனம் 2008இல் அறுவைச் சிகிச்சைக்கு 19 வரிகள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. புதுதில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்தபோது, அறுவைக்குப் பின்னான இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது என்று 2009இல் முடிவு வந்தது. உலகமே அதைக் கையில் எடுத்துக்கொண்டது. பிறகு கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 101 மருத்துவமனைகளில் அது நடைமுறைக்கு வந்ததன் முன்னும் பின்னும் ஒப்பிட்டு 2014இல் வெளியிட்டார்கள். கருதத்தக்க குறைவு எதுவும் இல்லை. தாள் அதே தாள்தான்.

நான் பணிபுரிந்த இடங்களுள் ஒன்றில் அந்தத் தாளை எப்படி நிரப்பினோம் என்பதை நான் அறிவேன். பணி முடியும் நேரத்தில், தேநீர் குடித்துக்கொண்டே, ஐந்து தாள்களையும் வரிசையாக வைத்து, ஒரே பேனாவால் மேலிருந்து கீழாக டிக் அடித்துக்கொண்டே வருவோம். மேற்பார்வைக்கு வருபவர் தாள் நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பார், நிரம்பியிருக்கும். நாங்கள் சோம்பேறிகள் அல்லர். இரண்டு பேர் பார்க்கவேண்டிய வேலையை ஒருத்தி பார்த்த இரவுகள் அவை.

உத்தரப் பிரதேசத்தில் 120 நலநிலையங்களில் நடந்த பிரசவப் பாதுகாப்புப் பட்டியல் ஆய்வை மாணவி கட்டாயம் படிக்க வேண்டும். முடிவு 2017இல் வந்தது. பாதி நிலையங்களில் பட்டியலைக் கொடுத்ததோடு நில்லாமல், பக்கத்தில் நின்று வழிகாட்டும் பயிற்றுநரையும் எட்டு மாதங்கள் அனுப்பினார்கள். இரண்டாம் மாதத்தில் அந்த நிலையங்களில் செய்யவேண்டியவற்றுள் ஏறத்தாழ 73 விழுக்காட்டைச் செய்தார்கள். பயிற்றுநர் வராத மற்ற நிலையங்களில் அது 42. பயிற்றுநர் வருவது நின்று நான்கு மாதங்கள் கழித்துப் பார்த்தபோது 73 என்பது 62 ஆக இறங்கியிருந்தது. இவ்வளவு செய்தும் தாய் சேய் இறப்பில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. கை கழுவினார்கள், இரத்த அழுத்தம் பார்த்தார்கள். ஆனால் இரத்த அழுத்தம் காட்டிக்கொடுத்த சிக்கலைத் தீர்க்க மருத்துவரும் இரத்தமும் வண்டியும் அந்த நேரத்தில் அங்கே இருந்தாக வேண்டும் அல்லவா? இந்த முடிவை மறைக்காமல் வெளியிட்டார்களே, அதற்காக அந்த ஆய்வாளர்களை நான் வணங்குவேன்.

இதற்கு நேர்மாறாக, எங்கள் அரூர்ப் பக்கத்துச் சித்தேரி மலைக்கு அந்தப் பக்கம் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் 1990களின் தொடக்கத்தில் அங்கே வந்து கூரைக் குடிசையில் தொடங்கினார்கள். அப்போது பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 முதலாண்டுக்குள் இறந்ததாகவும், பின்னர் அது 20 அளவுக்கு வந்ததாகவும் பதிவாகியிருக்கிறது. வெளியிலிருந்து செவிலியரை அழைத்துவராமல், அந்த ஊர்ப் பழங்குடிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். அவர்களுக்குத் திட்டம் முடியும் தேதி என்று ஒன்று இல்லை. பயிற்சி பெற்றவள் அந்த ஊர் மருமகள். அவள் எங்கே போவாள்?

ஓசூர் தரக்கட்டுப்பாடு:

செவிலியர் அம்மா எழுதிய டிக் அடிக்கும் காட்சியை எங்கள் பட்டறையில் வாரம் ஒருமுறை காணலாம்.

தொழிற்சாலை ஆய்வுகளில் எல்லோரும் எடுத்துக்காட்டும் கதை சிகாகோவை அடுத்த ஹாத்தார்ன் ஆலை. 1924இல் விளக்கொளியைக் கூட்டிப் பார்த்தார்கள், உற்பத்தி கூடியது. குறைத்துப் பார்த்தார்கள், அப்போதும் கூடியது. ஆகவே கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வே உற்பத்தியைக் கூட்டுகிறது என்பார்கள். மேலாண்மைப் பாடநூல் எழுதியவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் இதை எழுதிவந்தார்கள். மூலத் தரவுகளைத் தேடியெடுத்து மீண்டும் கணக்கிட்ட ஆய்வு 2011இல் வெளியானது. ஒளியை மாற்றியதெல்லாம் விடுமுறை நாளான ஞாயிற்றுக்கிழமைகளில். திங்கட்கிழமை உற்பத்தி, ஒளி மாறினாலும் மாறாவிட்டாலும், சனிக்கிழமையைவிட இயல்பாகவே கூடுதல். புகழ்பெற்ற கதையின் பெரும்பகுதி அந்தத் திங்கட்கிழமையில் கரைந்துபோயிற்று.

எங்கள் சிப்காட் பகுதியில் நான் முன்பு பணியாற்றிய ஓர் ஆலையில், புது வகை வெட்டுமுனை ஒன்றைச் சோதித்தோம். சோதனை நடந்தது காலை ஷிப்டில். இயந்திரத்தில் நின்றவர் 20 ஆண்டு அனுபவமுள்ள அண்ணன் ஒருவர். முனையின் ஆயுள் நன்றாகக் கூடியது. படம் போட்டு மேலிடத்தில் காட்டினோம். எல்லா இயந்திரங்களுக்கும் வாங்கிவிட்டார்கள். இரண்டு மாதத்தில் இரவு ஷிப்டில் முனைகள் பொரிந்து உதிரத் தொடங்கின. நான் ஓரிரவு முழுவதும் அங்கேயே நின்று பார்த்தேன். குளிர்விப்பு எண்ணெய்க் கலவை குறையும்போது இரவுப் பையன்கள் வாளியில் வெறும் தண்ணீரை மொண்டு ஊற்றினார்கள். கலவைச் செறிவை அளக்கும் சிறு கருவி பகல் மேற்பார்வையாளரின் மேசைப் பூட்டுக்குள் இருந்தது. காலையில் அந்த அண்ணன் செறிவைப் பார்க்காமல் இயந்திரத்தைத் தொடவே மாட்டார்; அது அவருக்குப் பழக்கம், எங்கள் சோதனை அறிக்கையில் அதற்கு ஒரு வரியும் இல்லை. நாங்கள் சோதித்தது முனையையா, அந்த அண்ணனையா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை.

அறிக்கையில் முனையின் பெயரை எழுதினோம். பூட்டின் சாவி யாரிடம் என்று எழுதவில்லை. பேராசிரியர் ஐயா சொல்லும் தேர்வுப் பிழை இதுதான் என்று நினைக்கிறேன்.

புள்ளியியல் பேராசிரியர், கிருஷ்ணகிரி:

ஆம், இதுவேதான். ஆனால் இதில் ஒரு கூடுதல் செய்தியும் இருக்கிறது. நான் முந்தைய பதிவில் கடிந்துகொண்டது தேர்ந்தெடுத்த உழவர்களை. நீங்களோ ஆய்வில் பதிவு செய்யப்படாத ஒரு பழக்கத்தைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். குலுக்கல் முறையில் தேர்வு செய்திருந்தால்கூட அது அட்டவணையில் தெரிந்திருக்காது. இரவில் போய் நின்றதால் தெரிந்தது. அந்த அளவுக்கு என் முதல் பதிவின் கடுமையைக் குறைத்துக்கொள்கிறேன்.

ஊத்தங்கரை ஆசிரியர்:

பள்ளிக்கூடம் இல்லாமல் இந்த இழை நிறைவு பெறாது. செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007இல் மாநிலம் முழுவதும் வந்தது. படிப்படியான பாட ஏணியும் அட்டைகளுமாகப் பிள்ளை தன் வேகத்தில் ஏறுவதுதான் அதன் உயிர். நான் அப்போது ஓராசிரியராக நான்கு வகுப்புகளை ஒரே அறையில் வைத்திருந்தேன். எனக்கு அது வரப்பிரசாதம். பக்கத்து ஊரில் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருந்த பள்ளியில், அட்டை தொலைந்தால் கணக்குக் கேட்பார்கள் என்று அஞ்சி, அட்டைகளை அலமாரியில் பூட்டிவைத்து, ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் எடுத்துப் பரப்பினார்கள். ஓசூர் நண்பர் சொன்ன சாவி அங்கேயும் இருந்தது.

கென்யாவில் 192 பள்ளிகளில் நடந்த ஓர் ஆய்வு என்னை வெகுநாள் யோசிக்க வைத்தது. கூடுதலாக ஓர் ஒப்பந்த ஆசிரியரை அமர்த்தினால் பிள்ளைகள் நன்றாகக் கற்கிறார்களா என்பது கேள்வி. ஒரு பகுதிப் பள்ளிகளில் தொண்டு நிறுவனம் அமர்த்தியது. இன்னொரு பகுதியில் அரசே அமர்த்தியது. தொண்டு நிறுவனத்தின் பள்ளிகளில் மதிப்பெண் உயர்ந்தது. அரசின் பள்ளிகளில் உயரவே இல்லை. ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஒரே வகை ஆசிரியர்.

இதைப் படித்துவிட்டு அரசுப் பள்ளியால் முடியாது என்று முடிவு கட்டுபவர்களுக்கு அரியானாவைக் காட்டுவேன். பிள்ளைகளை வகுப்புப்படி அல்லாமல் வாசிக்கும் திறன்படி பிரித்துக் கற்பிக்கும் பிரதம் அமைப்பின் முறையைச் சில மாநிலங்களில் பயிற்சியாகவும் புத்தகமாகவும் மட்டும் கொடுத்தபோது பெரிதாக எதுவும் நடக்கவில்லை. அரியானாவில் 2012-13இல் இரண்டு செய்திகளை மாற்றினார்கள். பள்ளி நேரத்தில் அதற்கென்றே ஒரு மணி நேரத்தை ஒதுக்கினார்கள். மேற்பார்வையிடும் வட்டார அலுவலர்களை முதலில் தாமே வகுப்பெடுத்துப் பழக வைத்தார்கள். அரசு ஆசிரியர்களே கற்பித்தார்கள், இந்தி வாசிப்பு உயர்ந்தது. என்னைப் பார்க்க வரும் அலுவலர் ஒருமுறையாவது அந்த அட்டையை வைத்துப் பாடம் நடத்தியிருந்தால், அவர் என்னிடம் கேட்கும் கேள்வியே வேறாக இருந்திருக்கும்.

பாப்பிரெட்டிப்பட்டி மரவள்ளி:

எல்லோரும் பின்தொடர்ந்து போகவேண்டிய திட்டங்களையே சொல்கிறீர்கள். பின்தொடரவே தேவையில்லாத ஒன்றும் எங்கள் பயிருக்கு வந்தது. 2020இல் கேரளத்தின் திருச்சூரில் முதலில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, நடும் தண்டுத் துண்டான கரணையோடு பயணம் செய்து எங்கள் பக்கம் வந்து குருத்தை முடக்கிப்போட்டது. மருந்து அடித்தவர்களுக்கு மருந்துக்கடைக் கடன்தான் மிஞ்சியது. இதே பூச்சி 1970களில் ஆப்பிரிக்காவில் பரவியபோது, தென்னமெரிக்காவில் அதன் இயற்கை எதிரியைத் தேடிப்போய், பராகுவேயில் கண்டெடுத்த ஒரு சின்னக் குளவியை 1981 முதல் விட்டு அடக்கினார்கள். அதற்காக ஹான்ஸ் ஹெர்ரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவியைப் பெங்களூருவின் வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் 2021இல் பெனின் நாட்டிலிருந்து தருவித்துப் பெருக்கி, 2022 மார்ச்சில் சேலம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டது.

குளவிக்குப் பயிற்சி வேண்டாம், மானியம் வேண்டாம், தாள் நிரப்ப வேண்டாம். மாவுப்பூச்சி இருக்குமிடம் தேடி அதுவே போகும். ஆனாலும் மனிதர் செய்யவேண்டிய ஒரு வேலை அதிலும் இருந்தது: மருந்து அடிக்காமல் இருப்பது. முடங்கிய குருத்தைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நிற்பது எவ்வளவு கடினம் என்பது பயிர் வைத்தவருக்குத்தான் தெரியும். குளவியை விட்ட மூன்றாம் வாரமே என் பங்காளி ஒருவர் பொறுக்காமல் மருந்து அடித்துவிட்டார். அவர் வயல் குளவியோடு என் வயல் குளவியும் போயிற்று.

அதியமான்கோட்டை ஆய்வு மாணவி:

இவ்வளவு கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பாலக்கோடு அண்ணன் கொடுத்த கேள்வியையும் ஓசூர் ஐயாவின் சாவியையும் என் நேர்காணல் படிவத்தில் சேர்த்துவிட்டேன். முதல் பழுது எப்போது வந்தது, அதைச் சரிசெய்யப் பணம் எந்தப் பையிலிருந்து வந்தது, பணம் இல்லாவிட்டால் அந்தப் பொருள் இன்று வேறு எதற்குப் பயன்படுகிறது, அன்றாட வேலை யாருடையது, அதைச் செய்யாவிட்டால் அவருக்கு எப்போது தெரியவரும் என்று வரிசைப்படுத்தியிருக்கிறேன். கடைசிக் கேள்வி பொறியாளர் ஐயாவுடையது. குளவியை எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியவில்லை. மருந்து அடிக்காமல் இருப்பதையும் அன்றாட வேலையாகக் கொள்ளலாமா?

புள்ளியியல் பேராசிரியர், கிருஷ்ணகிரி:

கொள்ளலாம். கிடா இல்லாத வீடுகளை விட்டுவிடாதீர்கள். பயனாளிப் பட்டியல் முழுவதையும் வாங்கி, அதில் குலுக்கல் போட்டு வீடுகளைத் தேர்ந்தெடுங்கள். சாலையோரத்து வீடுகளுக்கு மட்டும் போய்விட்டு வந்தால் நான் நேர்முகத் தேர்வில் கேட்பேன். இரவிலும் ஒருமுறை போங்கள்.

பென்னாகரம் குடிநீர்ப் பொறியாளர்:

அந்தப் பாட்டி வீட்டுக்கு மீண்டும் போவதாக இருந்தால் எனக்கு முன்கூட்டிச் சொல்லுங்கள். நிறம் பார்த்து ஃபுளோரைடு அளக்கும் பெட்டி என்னிடம் இருக்கிறது. குழாய்த் தண்ணீரையும் தொட்டித் தண்ணீரையும் அவர் கண்ணெதிரிலேயே சோதித்துக் காட்டலாம். நிறம் மாறுவதைப் பேத்தியே பார்க்கட்டும்.

பாலக்கோடு விவசாயி:

அம்மா, எங்கள் வயலுக்கு எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், வியாழக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு மண்டி. அந்தப் பழைய வடிகட்டி மூடியை அப்பா இன்னும் தூக்கிப் போடவில்லை; கோழிக்குத் தண்ணீர் வைக்கிறார்.